மாம்பலம் பிரின்ஸின் பேத்தி

2006 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ராஜகீழ்ப்பாக்கத்தில் காலனி நலச்சங்கக் கட்டடத்தின் முன்னால் ஒரு மீன் வண்டி வந்து நின்றது. அதற்குள் ஒரு குதிரை இருந்தது.

இறங்க அது சம்மதிக்கவில்லை. பலகை சாய்த்தார்கள். கேரட் காட்டினார்கள். குதிரைக்குச் சொந்தக்காரனான லோகு அதன் காதில் ஏதோ சொன்னான். கடைசியில் பின்பக்கமாகவே இறங்கியது. தெருவில் பால் வாங்க வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கிப் பார்த்தார்கள். குதிரையின் மேல் வஞ்சிர மீன் வாடை அடித்தது.

ராஜகோபாலனுக்கு அந்த வாடைகூடத் தெரியவில்லை. வண்டி வருமா வராதா என்று விடிந்ததிலிருந்து வாசலிலேயே நின்றவர் அவர். வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடத்துக்குத் தலைவர் பதவியை யாரும் அசைக்க முடியாது.

டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைவிடப் பெரிதாக அவர் நினைத்தது, 'ராஜநடை ரங்கமணி ரசிகர் மன்றம், கிழக்குத் தாம்பரம்' என்ற அமைப்பின் தலைவராக இருப்பதை. மேற்குத் தாம்பரத்தில் மன்றம் எதுவும் இல்லை. இருந்தாலும் கிழக்கு என்று போட்டால் ஒரு கனம் இருந்தது.

ரங்கமணி ஐம்பதுகளில் ராஜா வேஷத்துக்கென்றே பிறந்தவர் என்று பேர் எடுத்த நடிகர். வாள் சுமாராகத்தான் வீசுவார். பாட்டுக்கு வாயசைப்பது அதைவிடச் சுமார். ஆனால் சிம்மாசனத்திலிருந்து எழுந்து நாலடி நடந்தால் போதும், கொட்டகை எழுந்து நிற்கும். வலது காலை எடுத்து வைத்து, ஒரு கணம் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அப்புறம்தான் இடது காலைக் கொண்டு வருவார். அதற்குப் பேர்தான் ராஜநடை. அவர் போய் இருபது வருடம் ஆகியும் மன்றத்தில் பத்தொன்பது பேர் மிச்சம் இருந்தார்கள். ஆண்டு விழா முடிந்ததும் பத்தொன்பது பேரும் வரிசையாக அந்த நடை நடந்து காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள்.

மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ரங்கமணியின் பிறந்தநாள் விழாவில், அவரைப் பற்றி இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு செய்தியைத் தலைவர் கொண்டு வர வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கே இறங்கிவிட வேண்டும். ராஜகோபாலன் பதினோரு வருடம் தாக்குப் பிடித்தார். முதல் வருடம் டிரைவிங் லைசென்ஸ் நகல் கொண்டு வந்தார். நாலாம் வருடம், எந்தப் பல்லில் தங்கம் கட்டியிருந்தார் என்பது. ஏழாம் வருடம், அவருக்குப் பாகற்காய் பிடிக்காது என்று ஒரு சமையல்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம். போன வருடம் ரத்த வகை. ஓ பாசிட்டிவ். கைதட்டல் சுமார்.

அதோடு சரக்கு தீர்ந்தது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். உபதலைவர் ஜெயகிருஷ்ணன் காத்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மன்றத்தின் குறிப்புப் புத்தகம் அவர் கையில்தான் இருக்கும். ஆறாம் வருடம் விழாவுக்கு வந்த ஒரு பழைய மேக்கப்காரர் மேடையில் திடுக்கென்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிட, ராஜகோபாலன் அதையே அந்த வருடத்துச் செய்தியாக எழுதச் சொன்னார். அன்றைக்குத்தான் ஜெயகிருஷ்ணன் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார். செய்தி விழா நாளுக்கு முன்பே தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தானாக வந்து விழுவது செய்தி இல்லை, விபத்து.

குதிரை கிடைத்தது மே மாதத்தில். நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் மகள் மாளவிகா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு சாயங்காலம் கோவளம் கடற்கரைக்குப் போனார்கள். அங்கே லோகு குதிரை சவாரி நடத்திக்கொண்டிருந்தான். வாரத்தில் ஐந்து நாள் கட்டுமரம், சனி ஞாயிறு குதிரை. இது கிண்டி ரேஸில் ஓடின குதிரை என்று அவன் சொன்னான். அது உண்மைதான். ஓடி ஓய்ந்த குதிரைகள் அப்படிக் கைமாறி வருவது உண்டு.

கிண்டி என்றதும் ராஜகோபாலன் நின்றுவிட்டார். அந்தக் காலத்து நட்சத்திரங்களில் ரேஸ் குதிரை வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. ரங்கமணியிடமும் ஒன்று இருந்தது. மாம்பலம் பிரின்ஸ். 1958 பொங்கல் ரேஸில் ஜெயித்த குதிரை. ரசிகர்கள் அதற்கும் சேர்த்து அர்ச்சனை செய்த காலம்.

"இதோட தாத்தா யாருன்னு தெரியுமாப்பா?"

"தெரியலயே சார்."

"ரங்கமணி குதிரையா இருக்குமோ?"

லோகு ராஜகோபாலனின் முகத்தைப் பார்த்தான். கடலில் போகிறவனுக்கு எதிராளி எந்தத் திசையில் இழுக்கிறான் என்று தெரியும்.

"இருக்கும் சார்."

"மாம்பலம் பிரின்ஸ்?"

"அத்தான் சார். கரீட்டா சொல்லிட்ட."

ராஜகோபாலனின் மனைவி அபிதகுஜாம்பாள் பக்கத்தில்தான் இருந்தாள். கேள்வியும் நீங்களே கேட்டு பதிலும் நீங்களே சொல்லிண்டா அவன் என்ன பண்ணுவான் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். பத்தொன்பது பேரும் வாயைப் பிளந்தார்கள். ஜெயகிருஷ்ணன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, வெறும் வாய்வார்த்தை போதாது, பார்த்தவர் ஒருவர் சொல்ல வேண்டும் என்றார். ராஜகோபாலன் அதற்கும் ஆள் பிடித்தார். கோவிலம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார் சின்னப்பன். எழுபது வயது. மாம்பலம் பிரின்ஸுக்குத் தீனி போட்டு, தேய்த்து, லாயத்தில் அதன் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர். மேடையில் மைக் கொடுப்பார்கள் என்றதும், வேறு எதுவும் கேட்காமல் ஒத்துக்கொண்டார்.

ஏழரை மணிக்கு முதல் சிக்கல் வந்தது. மாலை போட வந்த அபிதகுஜாம்பாள் குதிரையை ஒரு சுற்று சுற்றி வந்து கணவரைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏன்னா, இது பெண் குதிரை."

வாசலில் பத்தடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. ரங்கமணி கிரீடத்தோடு சிரித்தார். அவர் பக்கத்தில் குதிரை. கீழே கொட்டை எழுத்தில், 'மாம்பலம் பிரின்ஸின் பேரன்.' ராஜகோபாலன் லோகுவைப் பார்த்தார். நான் எங்கே ஆம்பளைன்னு சொன்னேன் என்றான் அவன். அதுவும் உண்மை. இரண்டு மாதமாக அவர் காதுபட டயானா, டயானா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ரேஸ் குதிரைக்கு இங்கிலீஷ் பேர் வைப்பார்கள் என்று ராஜகோபாலன் அதைக் கடந்து போயிருந்தார். டெலிபோன் இலாகாவில் எதையும் குனிந்து பார்க்கும் பழக்கம் இல்லை.

அபிதகுஜாம்பாள் வெள்ளை அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டு வந்தாள். 'பே' அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி மிச்சத்தை மட்டும் மறைத்து ஒட்டினாள். பேரன் பேத்தி ஆனான். நாலு நிமிட வேலை. இவ்வளவுதானே என்று ராஜகோபாலனுக்குத் தெம்பு வந்துவிட்டது. இனிமேல் என்ன வந்தாலும் ஓர் அட்டை போதும் என்று தோன்றியது.

ஒன்பது மணிக்குச் சின்னப்பன் ஆட்டோவில் வந்தார். புதுச் சட்டை. பையில் நாலாக மடித்த தாள். இரண்டு வாரமாக வீட்டில் பேசிப் பார்த்து, தப்பு வராமல் இருக்க மகள் செல்வமேரி கையால் எழுதி வாங்கி வந்திருந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராகக் குதிரையிடம் போனார். கழுத்தைத் தடவினார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். முன்காலை எடுத்து மடியில் வைத்துக் குளம்பைத் தட்டினார். டயானா அவ்வளவு நேரமும் ஒரு பெரிய வீட்டுப் பெண் மாதிரி நின்றது. பதினாலு வயசு இருக்கும், நல்லா வச்சிருக்கே என்று லோகுவிடம் சொன்னார். லோகுவுக்கு முகம் மலர்ந்தது.

அப்புறம் அவர் நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"சார், இன்னா இது? பிரின்ஸோட பேத்தின்னு போட்டுக்கீது?"

"ஆமாம். உங்களுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி."

"அதிர்ச்சிதான் சார். பிரின்ஸ காயடிச்சுட்டாங்களே. அம்பத்தேழுல. நான்தான் தலைய புட்சிகினு இருந்தேன்."

ராஜகோபாலன் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சங்கத்தின் கேரம் போர்டும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் சின்ன அறை. கதவைச் சாத்தினார். காயடிப்பதற்கு முன்னால் அந்தக் குதிரைக்கு ஏதாவது குட்டி, அங்கே இங்கே, யாருக்கும் தெரியாமல், என்று இழுத்தார்.

"அதுக்கு மூணு வயசு சார் அப்போ. பொட்டக் குதிரய தூரத்துலேர்ந்து பாத்ததோட சரி. அதான் பேஜாரே."

ராஜகோபாலன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அது உடைந்த நாற்காலி. எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்தார். ஐம்பத்தேழில் காயடித்த குதிரைக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை. வெளியே பேத்தி கேரட் தின்றுகொண்டிருக்கிறது. இதற்கு எந்த அட்டையை ஒட்டுவது?

இந்த விஷயத்தை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சின்னப்பன் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் எழுதி வந்திருப்பதே அதுதானாம். வேறு கதை அவரிடம் இல்லை.

"அது என்ன சாப்பிட்டதுன்னு பேசுங்களேன்."

"கொள்ளு."

"அதைப் பத்திப் பேசுங்க."

"கொள்ளு எல்லாக் குதிரயும் துண்ணும் சார்."

ராஜகோபாலன் நிகழ்ச்சி நிரல் தாளை எடுத்தார். 'ஐந்து: திரு. சின்னப்பன் அனுபவ உரை' என்ற வரியைப் பேனாவால் அடித்தார். ஒரு தடவை அடித்தது போதவில்லை. இரண்டு தடவை அடித்தார். பார்த்தவர் இவர்தான் என்று மேடையில் காட்டி, பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தி, பக்கத்தில் உட்கார வைத்து, சாம்பார் சாதம் போட்டு அனுப்பிவிடலாம். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

சின்னப்பன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோபப்படவில்லை.

"அப்போ ஹீரோ சார் அன்னிக்கி இன்னா ஆனாருன்னு யாருக்கும் தெரியாமலே பூடும்."

பேனா நின்றது.

"யாரு, ரங்கமணியா? அவர் அங்க இருந்தாரா?"

"இல்லாமலா? அங்க இருந்தது நாலு பேருதான். மூணு பேரு செத்துட்டாங்க."

என்ன நடந்தது என்று ராஜகோபாலன் கேட்டார். சின்னப்பன் தலையை ஆட்டினார். மைக்கில்தான் சொல்வாராம். ராஜகோபாலன் கெஞ்சினார். காபி வரவழைத்துக் கொடுத்தார். ஒரு வரி, ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்றார். சின்னப்பன் காபியைக் குடித்துவிட்டு, நாற்பத்தொன்பது வருடம் வீட்டைத் தாண்டாமல் வைத்திருந்ததை இந்த அறையில் ஒருத்தருக்குச் சொல்லிப் போக்கடிக்க முடியாது என்றார்.

பத்து மணிக்கு விழா தொடங்கியது. கடவுள் வாழ்த்து. வரவேற்பு. ரங்கமணி படத்துக்கு மாலை. வாசலில் நிற்கும் பேத்திக்கு மாலை. அது பாதி மாலையைத் தின்றது. பத்தொன்பது பேரும் குடும்பங்களும் கை தட்டினார்கள். பிரின்ஸைப் பார்த்த சாட்சி என்று சொல்லிச் சின்னப்பனுக்குப் பொன்னாடை போர்த்தியபோது ஜெயகிருஷ்ணன்கூடத் தட்டினார். அவர் முகம் பரீட்சையில் தப்பு கண்டுபிடிக்க முடியாத வாத்தியார் முகமாக இருந்தது. பதவி கைக்குள் இருந்தது. நன்றியுரை சொல்லிவிட்டால் முடிந்தது.

ராஜகோபாலன் மைக்கின் முன்னால் நின்றார். ஓர் ஓரத்தில் பொன்னாடைக்குள் சின்னப்பன் உட்கார்ந்திருந்தார். ரங்கமணி அன்றைக்கு என்ன ஆனார்? பல்லும் பாகற்காயும் ரத்த வகையும் தேடிப் பதினோரு வருடம் அலைந்த மனிதர் ராஜகோபாலன். முழுசாக ஒரு நாள், ரங்கமணியின் வாழ்க்கையிலிருந்து ஒரு நாள், இரண்டடி தூரத்தில் நாலாக மடித்துக் கிடக்கிறது. நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்து, திரு. சின்னப்பன் பேசுவார்" என்றது வாய்.

சின்னப்பன் தாளை எடுத்தார். பிரித்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசினார்.

பிரின்ஸ் நல்ல ஜாதிக் குதிரை, ஆனால் ரேஸில் பெண் குதிரை ஒன்று ஓடினால் அதைத் தாண்டிப் போகாது, பின்னாலேயே மரியாதையாக ஓடும் என்றார். பெண்கள் பக்கம் சிரித்தது. ஐந்து ரேஸ் அப்படியே போனதாம். ஒரே வழிதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ரங்கமணி ஒரு மாதம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் அப்பன் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று சொல்லி, பட்டு ஜிப்பாவோடு லாயத்துக்கு வந்து நின்றாராம். முதுகைத் தடவிக்கொண்டே, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொன்னாராம்.

முன்வரிசையில் ஜெயகிருஷ்ணன் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்தியிருந்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பிறகு ராஜகோபாலனைப் பார்த்தார். ராஜகோபாலன் அதைக் கவனிக்கவில்லை. அவர் மேடையின் நுனிக்கே வந்து, மற்றவர்களைப் போல வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேல முடிஞ்சி கயித்த அவுத்தோம்" என்றார் சின்னப்பன். "எழுந்து நின்னுது. டாக்டரப் பாத்துது. என்னப் பாத்துது. எங்கள வுட்டுது. நேரா அவரதான் ஒதச்சுது. இடுப்புல."



மூன்று வாரம் படுக்கை என்றார். குதிரை உதைத்தது என்று வெளியே தெரிந்தால் ராஜா வேஷம் போய்விடும் என்று, பத்திரிகைக்கு விஷக்காய்ச்சல் என்று சொன்னார்களாம். நாலாவது வாரம் ஷூட்டிங். சிம்மாசனத்திலிருந்து எழுந்து நடக்கிற காட்சி. வலது காலை எடுத்து வைத்தார். வலி பிடித்து நின்றார். மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். அப்புறம்தான் இடது கால் வந்தது. டைரக்டர் எழுந்து கை தட்டினாராம்.

"வலி போனப்புறமும் அப்பிடியேதான் நடந்தாரு. ஜனங்க வுட்லியே" என்று முடித்தார் சின்னப்பன். "பொங்கலுக்கு பிரின்ஸ் ஜெயிச்சுது. ஒரே கத்தியில ரெண்டு பேருக்கும் நல்ல காலம் வந்துச்சு சார்."

மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஜெயகிருஷ்ணன் தன் தோல்பையைத் திறந்து, உறை போட்ட பழைய பத்திரிகை நறுக்கு ஒன்றை எடுத்தார். ரங்கமணிக்கு விஷக்காய்ச்சல், மூன்று வாரம் ஓய்வு. 1957 ஆகஸ்ட். அவர் தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஏசுபாதம் தண்ணீர் குடிக்க எழுந்தார். ஜனவரியில் இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனவர். வலது காலை வைத்தார். நின்றார். மூச்சை இழுத்தார். இடது காலைக் கொண்டு வந்தார். பத்தொன்பது பேரில் அவருக்குத்தான் ராஜநடை சரியாக வராது என்று எப்போதும் கேலி செய்வார்கள். தண்ணீர்ப் பானை வரைக்கும் எல்லாக் கண்களும் அவரோடு போயின. திரும்பி வரும்போது அவருக்கே புரிந்துவிட்டது. பாதி வழியில் கூச்சத்தோடு கும்பிட்டார். கூடம் எழுந்து கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எங்கே வலித்திருக்கும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

ராஜகோபாலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருடத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை.

சத்தம் அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், அப்படியானால் வாசலில் நிற்கிற பேத்தி யாருடைய பேத்தி என்று கேட்டாள். எல்லோரும் லோகுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் டயானாவின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"எனக்கு இன்னா தெரியும் மேடம்? சார்தான் சொன்னாரு."

அபிதகுஜாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

ஜெயகிருஷ்ணன் மேடைக்கு வந்தார். நிதானமாக வந்தார். மேஜைமேல் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். 'இவ்வாண்டுச் செய்தி' என்று எழுதி, அதன் கீழே மாம்பலம் பிரின்ஸ், உதை, ராஜநடை என்று அழகான கையெழுத்தில் மூன்று வரி எழுதினார். எழுதியதை ஒரு தடவை தனக்குள்ளேயே படித்துப் பார்த்தார். அவரும் ரசிகர்தானே. 'கொண்டு வந்தவர்' என்ற இடத்தில் வந்து நின்றார். அதற்குப் பக்கத்தில் 'அறிந்த நாள்' என்று ஒரு கட்டம். ஆறாம் வருடத்துக்குப் பிறகு அவரே ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். நேற்றோ அதற்கு முன்போ தெரிந்திருந்தால், வாசலில் பத்தடிக்குப் பொய் கட்டித் தொங்கவிட்ட தலைவர். இன்றைக்குத்தான் தெரிந்தது என்றால் செய்தி இல்லை, விபத்து. கூடம் முழுக்க அது தெரியும். ராஜகோபாலனுக்கும் தெரியும். சின்னப்பன்கூடப் பொன்னாடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

ஜெயகிருஷ்ணன் பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டினார். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ராஜகோபாலன் சார், பிரின்ஸுக்குக் காயடிச்சது உங்களுக்கு எப்போ தெரியும்?"